விழுந்தவர் எண்டு சொன்ன வரிசை

1

என்ர அண்ணா விழுந்து சாகேல்ல. இதை முதல்ல எழுதிப்போட்டுத்தான் மற்றதை எழுதுறன். மிச்சத்தை வாசிக்காம விட்டாலும் இது உங்கட கண்ணில படவேணும். அண்டைக்கு ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தடியில மண்ணெண்ணெய்க்கு நிண்ட ஆக்கள் கனபேர் எங்கட ஊரின்ர இந்த இணையப் பக்கத்தை வாசிக்கிறவை எண்டு எனக்குத் தெரியும். கண் தெரியாட்டி பிள்ளையள் போனில வாசிச்சுக் காட்டுவினம். காட்டட்டும்.

நான் தர்ஷி. கரன்ர தங்கச்சி. போட்டில, கடலால, ஒஸ்ரேலியாவுக்கு வந்தவள். எட்டாம் வகுப்போட சண்டை வந்து பள்ளிக்கூடம் முடிஞ்சுது, செல்லடியில அப்பா முடிஞ்சார், பிறகு ஆமிக்காரர் வீட்டுக்கு வந்து வந்து என்னைப் பற்றிக் கேக்கத் தொடங்க, அண்ணாதான் என்னைக் கொண்டு வந்து போட்டில ஏத்திவிட்டவர். தான் அம்மாவோட நிண்டிட்டார். இப்ப நான் சிட்னியில செவன் ஹில்ஸில சின்னம்மா வீட்டில இருக்கிறன். சின்னம்மாவும் சித்தப்பாவும் முந்தியே பிளேனில வந்து சிற்றிசன் ஆன ஆக்கள். எனக்கு இன்னும் தற்காலிக விசா. கோழி வெட்டுற பக்டரியில வேலை. விடியக் காலமை போய் இரும்பு வலைக் கையுறை போட்டுக்கொண்டு கோழியில எலும்பு கழட்டுறது. கத்தியை மூட்டுக்க விட்டு ஒரு திருப்பு. கை தானா செய்யும். மூளைக்கு வேலை இல்லை. அதால மூளை முழுக்க நேரமும் சங்கத்தடியிலயே நிண்டது.

இந்த முறை அண்ணா செத்து மூண்டாவது ஆண்டு. சித்தப்பா காரில ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். "ஒரு தேங்காய் உடைச்சுப்போட்டு மனசைக் கழுவு பிள்ளை" எண்டார். நான் உடைச்சனான். ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கி அடிச்சதில சிதறின சிரட்டை பக்கத்தில நிண்ட ஒரு மனிசன்ர காலை வெட்டிப்போட்டுது. வெள்ளை வேட்டியில ரத்தம். அந்தாள் கத்துது, சித்தப்பா சொறி சொறி எண்டு கும்பிடுறார். எனக்கு அந்த ரத்தத்தைப் பாக்க ஒரு ஆறுதலா இருந்துது. பொய் சொல்லேல்ல. அப்பவே எனக்கு விளங்கியிருக்கவேணும்.

2

விலை ஏறின கதையை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனா எங்கட வீட்டுக்கு அது வந்த வழியைச் சொல்லவேணும். அந்த வழியாலதான் ரூபன் எங்கட படகில ஏறினவன்.

ரூபன் வயல்காரன். எங்கட வளவுக்குப் பின் வளவு. அண்ணாவும் அவனும் ஒரே வகுப்பு, ஒரே கிணறு, ஒரே சைக்கிள். அண்ணாவுக்குக் கடல், அவனுக்கு வயல். ஒரு நாள் கொழும்பில இருந்து அறிவிச்சாங்கள், இனி உரம் நாட்டுக்க வராது, எல்லாரும் குப்பை உரம் போடுங்கோ எண்டு. எழுதினவன் ஒரு நாளாவது வரம்பில நிண்டிருப்பானோ தெரியாது. ரூபன்ர நெல்லு முழங்காலுக்கு மேல வளரேல்ல. மஞ்சளா நிண்டுது. கடைசியில மாட்டை அவிட்டு உள்ளுக்க விட்டவன். "வெட்டுற கூலிக்குக் கூட வராது, அதுகளாவது திண்ணட்டும்" எண்டவனாம். அவன்ர அப்பா அண்டைக்கு வரம்பில குந்தினவர், பொழுது படும் வரைக்கும் எழும்பேல்லயாம்.

அதுக்குப் பிறகுதான் அண்ணா அவனைக் கூப்பிட்டவர். "வாடா, கடலுக்கு உரம் போடத் தேவையில்லை" எண்டு சொல்லிச் சிரிச்சதை எனக்குப் போனில சொன்னவர். நானும் சிரிச்சனான்.

பிறகு டொலர் முடிஞ்சுது எண்டாங்கள். டொலர் இல்லாட்டி எண்ணெய்க் கப்பல் வராது. எங்கட படகு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் வேணும், உங்களுக்குத் தெரியும்தானே. மண்ணெண்ணெய்க்கு அரசாங்கம் பாதி விலை போட்டுக் குடுத்துக்கொண்டிருந்தது. அந்த மானியத்தை வெட்டவேணும் எண்டு ஒரு பகுதி, வெட்டக் கூடாது எண்டு இன்னொரு பகுதி, பாராளுமன்றத்தில கத்திக்கொண்டிருக்க, சங்கத்தடியில எண்ணெயே இல்லை.

அப்ப தொடங்கினதுதான் கல்லு வைக்கிறது. எண்ணெய்க் கான் வச்சா களவு போகுது, ஆள் நாள்க்கணக்கா வெயிலுக்க நிக்கேலாது. ஆளுக்கு ஒரு கல்லு, அதில பெயின்ரால பேர். கல்லுதான் ஆள். ஆளுக்கு ஒரு கான்தான் எண்ணெய், ஒரு படகு ஓட ரெண்டு கான் வேணும், அதால அண்ணாவும் வச்சவர், ரூபனும் வச்சவன். சட்டம் ஒண்டே ஒண்டு. எண்ணெய் ஏத்தி வாற பவுசர் லொறி வளைவில திரும்புற சத்தம் கேட்டா, ஆள் தன்ர கல்லடியில நிக்கவேணும். நிக்காட்டி கல்லு கடைசிக்குப் போகும்.

வரிசையைப் பாக்க எல்லாருமாச் சேந்து அண்ணாவைத்தான் விட்டவை. ஏனெண்டா அவர் பக்கம் சாயாத ஆள். ஒருக்கா வீடியோவில எனக்கு அந்தக் கல்லு வரிசையைக் காட்டினவர். "பார் தர்ஷி, எங்கட சனம் என்ன ஒழுங்கா நிக்குது! ஒருத்தரும் தள்ளுப்படேல்ல, ஒருத்தரும் தூசணம் பேசேல்ல." பிறகு பவுசர் வந்த நாளில மாதிரிக் கையைத் தட்டிக் கூப்பிட்டுக் காட்டினவர். "அடுத்த ஆள் வாங்கோ! கல்லோட வாங்கோ!" பின்னால நிண்டு ரூபன் சிரிச்சான். "உன்ர அண்ணன் பெரிய கலெக்டர் எண்ட நினைப்பில திரியிறான்" எண்டான்.

3

அண்டைக்கு ரூபன்ர பிள்ளைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினவன். மத்தியானம் பவுசர் வந்திட்டுது.

சனம் கத்தத் தொடங்கிச்சுது. "உன்ர கூட்டாளி எண்டா விட்டுடுவியோ கரன்? எங்களுக்கொரு சட்டம், உன்ர படகுக்கு ஒரு சட்டமோ?" உங்களில ஆர் அப்பிடிக் கத்தினது எண்டு உங்களுக்குத் தெரியும். அண்ணா நடந்து போய், தன்ர கையால ரூபன்ர கல்லைத் தூக்கி, கடைசியில கொண்டு போய் வச்சவர். தங்கட படகுக்கே நட்டம். வேற ஆராவது எண்டா கண்ணை மூடிக்கொண்டு விட்டிருப்பினம். வேற ஆரையாவது கொண்டு தூக்குவிச்சிருந்தாலும் ரூபன் அண்ணாவோட சண்டைக்கு வந்திருக்க மாட்டான். பக்கம் சாயேல்ல எண்டு காட்டவேணும் எண்டே தானே தூக்கினார். எங்கட அண்ணாவுக்கு அந்த ஒரு விசர் இருந்தது.

ரூபன் ஓடி வந்தான்.

"டேய், நீயோ தூக்கினது?"

"ஓம். நீ நிக்கேல்ல."

"என்ர பிள்ளை ஆஸ்பத்திரியிலயடா!"

"தெரியும். ஆனா நீ கல்லடியில நிக்கேல்ல."

இவ்வளவுதான் கதை. ரூபன் கடைசிக்குப் போனான். தன்ர கல்லைத் தூக்கினான். திரும்பி வந்தான். அண்ணா அடுத்த ஆளைக் கூப்பிடத் திரும்பி நிண்டவர். பின் தலையில அடிச்சான். விழுந்தாப் பிறகும் அடிச்சான். தன்ர பேர் எழுதின கல்லால.

பொலிஸ் வர முந்தியே பவுசர்க்காரன் ஏறி எஞ்சினை ஸ்ராட் பண்ணிட்டான். கொலை எண்டா இடத்தைச் சீல் வைப்பாங்கள், எண்ணெய் திரும்பிப் போயிடும், அடுத்தது எப்ப வரும் எண்டு கடவுளுக்கும் தெரியாது. பொலிஸ் வந்து கேக்க, உங்களில ஒருத்தர்தான் முதல் வாயைத் திறந்தது. "கால் தடக்கி விழுந்தவர். கல்லில தலை அடிபட்டுப் போச்சு." பிறகு பக்கத்தில நிண்டவர். பிறகு அவருக்குப் பக்கத்தில. கல்லு வரிசையில இருந்த மாதிரியே ஒவ்வொருத்தரா. விழுந்தவர். விழுந்தவர். விழுந்தவர்.

அண்ணாவைத் தூக்கிக்கொண்டு போன பிறகு வரிசை நகந்தது. அண்ணான்ர கல்லும் வந்தது. நீங்கள் நீதியான ஆக்கள்தானே, அவருக்குரிய எண்ணெயை அடிச்சு, கானை அம்மான்ர வாசல்ல கொண்டு வந்து வச்சனீங்கள். விறகு ஈரம் எண்டு சுடலையில அண்ணாவை எரிக்க ஊத்தினது அந்த எண்ணெய்தான்.

பாடையில முன்பக்கம் தூக்கினது ரூபன். குளறிக் குளறித் தூக்கினவனாம். இண்டைக்கும் அண்ணான்ர படகை அவன்தான் ஓட்டுறான். அம்மாவுக்கு மீனும் அரிசியும் அவன்தான் குடுக்கிறான். இதெல்லாம் அம்மா எனக்கு ஒரு கிழமை கழிச்சுச் சொன்னது. சொல்லிப்போட்டு, "நீ வாயைத் திறந்திடாத பிள்ளை. அவனையும் பிடிச்சுக் குடுத்திட்டு நான் ஆரிட்டப் போறது?" எண்டா.

4

இங்க எங்கட ஆக்கள் ஞாயிற்றுக்கிழமையில கூடினா நாட்டின்ர பொருளாதாரம்தான் கதை. சித்தப்பா வீட்டுக்குக் குணம் அங்கிள் வருவார். கொழும்பில பாங்கில பெரிய உத்தியோகம் பாத்து ரிட்டயர் ஆனவர். கதிரையில இருந்தாரெண்டா எழும்பமாட்டார்.

"மானியம் எண்டது கஞ்சா மாதிரி. குடுத்துப் பழக்கினா விடமாட்டாங்கள். வெட்டினதுதான் சரி."

"அப்ப மீன் பிடிக்கிறவன் என்ன செய்யிறது அண்ணை? துடுப்புப் போடுறதோ?" இது சித்தப்பா.

"துடுப்புப் போட்டான் தானே அந்தக் காலத்தில."

"நீங்கள் அந்தக் காலத்தில பாங்குக்கு மாட்டு வண்டிலிலயோ போனனீங்கள்?"

சின்னம்மா குசினியில நிண்டு சிரிப்பா. நான் வடை கொண்டு போய் வைப்பன். ஒரு நாள் குணம் அங்கிள் சொன்னார், "அந்த வரிசையள் எல்லாம் நல்லதுக்குத்தான். விலையைக் கூட்டினவுடன வரிசை மறைஞ்சுது பாத்தியளோ. வரிசை எண்டது பிழையான விலையின்ர அறிகுறி." எனக்குத் தட்டை அந்தாள்ர மூஞ்சியில அடிக்கவேணும் மாதிரி இருந்தது. குசினிக்குள்ள போய்ச் சுவரில தலையை முட்டினன். சின்னம்மா பிடிச்சா.

சின்னம்மான்ர மகள் ஷாலினி பதினோராம் வகுப்பு. அண்ணா எப்பிடிச் செத்தவர் எண்டு ஒருக்கா அவளுக்குச் சொன்னனான். முழுக்கக் கேட்டிட்டு, "பட் அக்கா, வை டின்ற் தே ஜஸ்ற் கோ ரு அனதர் ஸ்ரேசன்?" எண்டாள். நல்ல பிள்ளை. அழுதவள் கூட. ஆனா வேற ஸ்ரேசனுக்கு ஏன் போகேல்ல எண்டதுதான் அவளுக்குக் கேள்வி.

பிறகு சித்தப்பான்ர வற்சப்பில ஒரு படம் வந்துது. செவன் ஹில்ஸ் ஹோலில கருத்தரங்கு, நாடு எழும்புமா எழும்பாதா எண்டு. தலைமை குணம் அங்கிள். மெல்பேர்னில கிளேட்டன் கம்பஸில பொருளாதாரம் படிக்க ஊரில இருந்து புதுசா வந்த ஒரு பேச்சாளர். படத்தில பாத்தன். அதே கழுத்து, அதே பல்லு. ரூபன்ர தம்பி நிமலன்.

சின்னனில எங்கட வீட்டில சோறு திண்டவன். தமையனுக்கு வயல், தம்பிக்குப் புத்தகம் எண்டு அந்த வீட்டில பிரிச்சு வச்சிருந்தது. அண்ணா அவனைச் சைக்கிளில ரியூசனுக்கு ஏத்திக்கொண்டு போனவர். அண்டைக்கு வரிசையில அவனும் நிண்டவன், அப்பாவுக்காக ஒரு கல்லோட. அவனும் விழுந்தவர் எண்டு சொன்னவன். இதையும் அம்மாதான் சொன்னவா.

5

நான் என்ன நினைச்சுக்கொண்டு போனனான் எண்டு நேராச் சொல்லுறன். அவன்ர மண்டையை உடைக்கவேணும் எண்டு.

இங்க எங்களுக்கு ஒரு கையெழுத்து இருக்கு. போட்டில வந்த ஆக்கள் விசா எடுக்கேக்க ஒரு கடுதாசியில வைக்கிறது. சண்டைக்குப் போகமாட்டன், ஆரையும் தொடமாட்டன் எண்டு. சாதாரண ஆள் ஒருத்தனை அறைஞ்சா கோர்ட்டில ஃபைன் கட்டிப்போட்டு வீட்டை போகலாம். நாங்கள் அறைஞ்சா விசா போகும், தடுப்பு முகாம், பிறகு ஊர். எங்களோட போட்டில வந்த ஒரு பொடியன் இப்பிடித்தான், ஒரு கடை வாசல்ல தள்ளுமுள்ளு, இப்ப உள்ளுக்க. சித்தப்பா இதை எனக்குச் சொல்லாத நாள் இல்லை. "பிள்ளை, உனக்குக் கை இல்லை எண்டு நினைச்சுக்கொள்" எண்டுவார்.

பக்டரிக் கத்தியை வெளியில கொண்டு வரேலாது, வேலை முடியத் திருப்பிக் குடுக்கவேணும். அதால சின்னம்மான்ர கறிவேப்பிலை மரத்தடியில பாத்திக்குச் சுத்தி வச்சிருந்த கல்லில ஒண்டை எடுத்தன். ஒரு கையால பிடிக்கக் கூடிய கல்லு. ஷாலினியின்ர மார்க்கர் பேனையை எடுத்து அதில கரன் எண்டு எழுதினன். சாப்பாட்டுப் பையுக்குள்ள வச்சன்.

ஏன் எழுதினனான் எண்டு ஷாலினி பிறகு கேட்டவள். கல்லெண்டா பேர் வேணும்தானே.

6

ஹோலில நல்ல சனம். சாப்பிட ரோல்ஸ், குடிக்க ரீ. பின்னேரம்.

மேடையில ஒரு கணக்காளர் அங்கிளும் குணம் அங்கிளும் தொடக்கத்திலயே வாய்ச்சண்டை பிடிச்சினம்.

"ரூபாவை டொலரோட கயித்தால கட்டி வச்சிருக்கச் சொன்ன ஆக்கள் நீங்கள்தானே!" எண்டார் குணம் அங்கிள்.

"அவிட்டு விட்டு எங்க ஓடிச்சுது பாத்தனீங்களோ? வேலி பாஞ்சு ஓடிச்சுது!"

"அப்ப டொலருக்கு எங்க போறது? உங்கட மாமன் அச்சடிச்சுத் தருவாரோ?"

"மாமாவை இழுக்காதேங்கோ குணம், அவர் செத்துப்போனார்."

சனம் சிரிச்சுது. நானும் அந்தச் சிரிப்புக்க பையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்.

பிறகு நிமலன் எழும்பினான். வெள்ளைச் சேட்டு, பின்னால திரையில கோடு கோடா விலைப் படம். நல்லாக் கதைச்சான், அதையும் சொல்லவேணும். அவனுக்கு உரம் தடை செய்த கதை சொல்லேக்கை குரல் தழுதழுத்தது, அது அவன்ர அப்பான்ர வயல் எண்டு எனக்கு மட்டும் தெரியும். பிறகு மண்ணெண்ணெய்க்கு வந்தான். மலிவு விலை போட்டதால எல்லாரும் அதை டீசலுக்க கலந்தாங்கள், அதால இல்லாமப் போச்சு, விலை ஏத்தம் தவிர்க்கேலாது, ஆனா ஏழைக்கு வேற வழியால குடுத்திருக்கவேணும் எண்டான். கணக்காளர் அங்கிள் கை தட்டினார். கடைசியில சொன்னான், "அந்தக் காலத்தில வரிசைகளில சில அசம்பாவிதங்களும் நடந்தன."

அசம்பாவிதம்.

கேள்வி கேக்கிற ஆக்கள் மைக்கடியில வரிசையா நிக்கச் சொன்னினம். நான் போய் நிண்டன். எனக்குப் பின்னால ஒரு அன்ரி முதுகில தட்டி, "பிள்ளை, எனக்கு அடுப்பில கறி. ஒருக்கா முன்னால விடு, சின்னக் கேள்விதான்" எண்டா.

"வரிசையில வாங்கோ அன்ரி" எண்டன்.

"அடி ஆத்தை, என்ன குணம் இது" எண்டு பின்னால முணுமுணுத்தா.

என்ர முறை வந்துது. மைக் உயரம். நான் பதிக்கேல்ல, எட்டிக் கதைச்சன்.

"நான் கரன்ர தங்கச்சி. என்ர அண்ணா விழுந்து செத்தவரோ, அவரை அடிச்சுச் சாக்காட்டினதோ? ரெண்டில ஒண்டைச் சொல்லு நிமலன்."

குணம் அங்கிள் மைக்கைப் பிடிச்சார். "தங்கச்சி, பொருளாதாரக் கேள்வி மட்டும்..."

"இது மண்ணெண்ணெய்க் கேள்விதான் அங்கிள். நீங்கள் இருங்கோ."

நிமலன் என்னைப் பாத்தான். என்னை அடையாளம் தெரிஞ்சது முகத்தில தெரிஞ்சுது. சனத்தைப் பாத்தான். தண்ணிப் போத்தலைப் பிடிச்சான், விட்டான்.

"நான்... நான் அந்த இடத்தில நிக்கேல்ல" எண்டான்.

படியில ஏறினது எனக்கு ஞாபகம் இல்லை. கல்லு கையில வந்தது ஞாபகம் இல்லை. அடிச்சது ஞாபகம். வாயில விழுந்துது. கோழி மூட்டுக் கழண்ட மாதிரி ஒரு சத்தம். மேசையோட சரிஞ்சான். அவன்ர சேட்டைப் பிடிச்சு இழுத்துத் திரும்பவும் ஓங்கினன், இந்த முறை பின் தலைக்கு. ரூபன் அடிச்ச அதே இடத்துக்கு. அவன் கையைக் கூடத் தூக்கேல்ல. அதாலதான் எனக்கு இன்னும் விசர் ஏறினது. தூக்கடா கையை, தூக்கடா எண்டு கத்தினனாம். சித்தப்பா பின்னால இருந்து தலைமயிரில பிடிச்சு இழுத்தார், அதால ரெண்டாவது அடி தோளில பட்டுது. தோள் எலும்பு போச்சு. நான் சித்தப்பான்ர கையைக் கடிச்சன். இண்டைக்கும் அந்த அடையாளம் அவருக்கு இருக்கு. விடேல்ல மனிசன். அவர் விட்டிருந்தா நிமலன் செத்திருப்பான். எனக்கு அதில ஒரு சந்தேகமும் இல்லை.

வெள்ளைத் திரையில, அவன்ர கோட்டுப் படத்துக்கு மேல, ரத்தம் தெறிச்சு நிண்டது. ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குழந்தை வீரிட்டுக் கத்திச்சுது.

7

ஆரோ அவசர நம்பர் ட்ரிபிள் ஸீரோவுக்கு அடிச்சிட்டினம். அம்புலன்ஸோட பொலிஸும் வந்துது, ஒரு பொம்பிளை, ஒரு ஆம்பிளை. அதுக்குள்ள குணம் அங்கிள் எல்லாரையும் ஒரு பக்கம் கூப்பிட்டு ஏதோ குசுகுசுத்துப் போட்டார். சித்தப்பா என்னைச் சுவரோட சாய்ச்சு வச்சு வாயைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். நான் கடிச்ச கையாலயே.

பொம்பிளைப் பொலிஸ் நிமலனுக்குப் பக்கத்தில முழங்காலில இருந்து கேட்டா, என்ன நடந்தது எண்டு.

வாய் நிறைய ரத்தம். முன் பல்லு ரெண்டும் இல்லை. அவன் என்னைப் பாத்தான். பிறகு சொன்னான். "ஐ ஃபெல். த ஸ்ரெப். ஐ ஃபெல்."

பொலிஸ்காரி கல்லைப் பாத்தா. என்னைப் பாத்தா. எழும்பி மற்ற ஆக்களிட்டக் கேட்டா. குணம் அங்கிள், "யெஸ் ஒஃபிசர், ஹீ ஃபெல். வெரி அன்ஃபோச்சுனேற்" எண்டார். கணக்காளர் அங்கிள், "ஹீ ஃபெல்." அடுப்பில கறி வச்ச அன்ரி, "ஃபெல் டவுண், ஃபெல் டவுண்" எண்டு கையாலயும் காட்டினா. எல்லாம் எனக்காகத்தான். அந்த அன்ரிக்கு என்னைத் தெரியக்கூடத் தெரியாது. போட்டில வந்த பிள்ளை, விசா போயிடும், பாவம் எண்டு. அந்தச் சனத்தின்ர மனசை நான் குறை சொல்லேல்ல. ஆனா பொலிசிட்டப் பேர் குடுக்க வரிசையா வந்து, ஒவ்வொருத்தரா வாயைத் திறந்து, விழுந்தவர், விழுந்தவர், விழுந்தவர் எண்டு சொல்ல, எனக்குக் கண் இருண்டுது. நான் சங்கத்தடியில நிக்கிறன். பவுசர் எஞ்சின் ஓடிக்கொண்டு நிக்குது. ஒவ்வொருத்தரும் தன்ர கல்லடியில. நான் மட்டும் இன்னும் ஒண்டும் சொல்லேல்ல. நான் சும்மா நிண்டாக் காணும். எனக்கும் ஒரு கான் கிடைக்கும்.

சித்தப்பான்ர கையைப் பிடிச்சுக் கீழ இறக்கினன்.

"பிள்ளை, உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன். வேண்டாம்" எண்டார். உண்மையாவே அழுதார்.

"ஹீ நொட் ஃபெல்" எண்டன். என்ர இங்கிலீஸ் இவ்வளவுதான். "ஐ ஹிற். ஐ ஹிற் ஹிம். திஸ் ஸ்ரோன்."

குணம் அங்கிள், "ஷீ இஸ் அப்செற் ஒஃபிசர், ஷீ இஸ் நொட் வெல்" எண்டு குறுக்க வந்தார். பொலிஸ்காரி அவரைக் கையால தள்ளிப்போட்டு கல்லைப் பிளாஸ்ரிக் பையுக்குள்ள எடுத்தா. எழுத்தைத் திருப்பிப் பாத்து, இது என்ன எண்டு கேட்டா.

"மை பிரதர்" எண்டன்.

ஸ்ரெச்சரில கொண்டு போகேக்கை நிமலன் தலையைத் திருப்பி, பல்லில்லாத வாயால, தமிழில கேட்டான். "ஏன் தர்ஷி? நான் விழுந்தனான் எண்டு சொன்னனான்தானே."

"நீ அண்டைக்கும் இப்பிடித்தான் சொன்னனீ" எண்டன்.

8

இப்ப எனக்கு வழக்கு இருக்கு. பக்டரியில நிப்பாட்டிட்டினம். குடிவரவில இருந்து ஒரு கடிதம் வந்து குசினி மேசையில கிடக்கு, சித்தப்பா ஒவ்வொரு நாளும் அதைத் தூக்கி ஒருக்கா வாசிச்சுப்போட்டுத் திருப்பி வைக்கிறார், வாசிக்க வாசிக்க மாறும் எண்டு நினைக்கிறார் போல. சின்னம்மா என்னோட கதைக்கிறேல்ல, ஆனா சோத்தைக் குழைச்சுத் தட்டில வச்சுத் தாறா. ஷாலினி ஒரு நாள் ஒரு வசனம் சொன்னாள். "யூ குட் ஹாவ் ஜஸ்ற் ஸ்ரேய்ட் கொயற், அக்கா." ஓம். சும்மா இருந்திருக்கலாம்.

அடிச்சது பிழை. அது எனக்குத் தெரியும். அவன்ர பல்லுத் தெறிச்சதில அண்ணா எழும்பி வரேல்ல. முந்தி அந்தத் தேங்காய் ரத்தத்தில வந்த ஆறுதல் கூட இதில வரேல்ல. படுத்தா அவன் சைக்கிள் பாரில குந்திக்கொண்டு, அண்ணா மிதிக்க, கையை விரிச்சுக்கொண்டு போறதுதான் கண்ணில வருது. திருப்பி அனுப்பினா அந்தக் கரையிலதான் கொண்டு போய் விடுவினம்.

பயந்துகொண்டுதான் எழுதுறன். ஆனா பொலிசிட்ட நான் சொன்னதை மாத்தமாட்டன். லோயர் வந்து, நிமலன் இன்னும் தான் விழுந்தனான் எண்டுதான் சொல்லுறான், நீங்கள் வாயை மூடினா கேஸ் நிக்காது எண்டு சொல்லிப் பாத்தவர். மூடமாட்டன். விழுந்தவர் எண்ட சொல்லை நான் ஒரு இடத்தில ஏற்றுக்கொண்டா, மற்ற இடத்திலயும் அது உண்மையாப் போயிடும்.

நேற்று அம்மா போன் எடுத்தவா. என்னை ஏசிப் பேசுவா எண்டு நினைச்சன். பேசேல்ல. "நிமலன் தமையனுக்குப் போன் எடுத்தவனாம். என்ன சொன்னான் எண்டு தெரியாது. ரூபன் ரெண்டு நாளாத் தொழிலுக்குப் போகேல்ல. படகைக் கரையில ஏத்திப்போட்டு அதுக்குப் பக்கத்தில இருக்கிறான். சோறு குடுத்தன், திண்ணேல்ல" எண்டா. போனில கடல் இரையிற சத்தமும் கேட்டுது. வைக்கப் போகேக்கை, "எனக்கு மீன் இல்லாட்டியும் பரவாயில்லைப் பிள்ளை" எண்டா. இந்த மூண்டு வருசத்தில அம்மா அப்பிடி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சங்கத்தடியில நிண்ட ஆக்களே. எண்ணெய் விலை இறங்கட்டும், ஏறட்டும், கொழும்பில ஆரும் ஆளட்டும். இப்ப அங்க பவுசர் நிக்கேல்ல. சீல் வைக்க ஒண்டும் இல்லை. ரூபன் படகடியில இருக்கிறான், நீங்கள் நடந்து போற தூரம். நான் செய்ததை நான் சொல்லிட்டன்.

அடுத்த ஆள் வாங்கோ.